மிச்சம் எட்டு நானோநொடி

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"என் தங்கச்சி பதினோரு வருஷமா ஒரு பொட்டிகிட்ட பேசிட்டிருக்கா."

பல்வலிக்காரர்கள் அதிகம் பேசமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் இருபது நிமிடம் பேசினார். வானத்தில் சுற்றும் ஒரு சின்னச் செயற்கைக்கோள், அதைக் கேட்பதற்கென்று ஒரு தரை நிலையம், தொலைவில் இன்னொரு நிலையம், அங்கே தங்கை பார்த்தேயிராத ஒருவர், ஒரு கேபிள், ஒரு தப்பு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு ரயில் பயணம். அந்த இடத்தில் என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் வெளியே வந்தபோது பாதி வாய் மரத்திருந்தது. நாக்கு வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் நாற்காலி காலியாக இருந்தது. வரவேற்பில் விசாரித்திருக்கலாம், அந்த வாயோடு என்ன விசாரிப்பது?

ஆக, முடிவு எனக்குத் தெரியாது. நடுவில் உள்ளதில் பாதி நான் கட்டியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சண்டைக்கு வரக்கூடாது. (டோக்கனுக்காக நான் எழுந்தபோது அவர் இன்னும் ஒன்று சொன்னார். அதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.)

2

முதல் வரிக்காக மூன்று நாள் உட்கார்ந்தேன்.

"வானம் தனிமையாக இருந்தது."

[அடித்துவிட்டேன். அது வானத்துக்குத் தெரியுமா?]

"நான்காயிரம் பகல்களாக அவள் ஆன்டெனாவின் கீழே நின்று, முகம் தெரியாத ஒருவனின் குரலுக்காக"

[ஐயோ. இப்படியே போனால் மூன்றாம் பக்கத்தில் கல்யாணம் ஆகிவிடும்.]

"சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கேபிள் சுருள் தொங்கியது."

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கேபிள் சுருள் தொங்கியது. கறுப்பு நிறம், விரல் பருமன், அவிழ்த்து நீட்டினால் மூன்று மீட்டர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, மேசையின் மேல் ரேடியோ அலைவாங்கி. இனி அதைப் பெட்டி என்றே சொல்கிறேன். அவளும் அப்படித்தான் சொல்வாள். பெட்டிக்குப் பக்கத்தில் பதிவேடு. பதிவேட்டின் மேல், காற்றில் தாள் புரளாமல் இருக்க, கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை. ஜன்னலுக்கு வெளியே கூரையில் இரண்டு ஆன்டெனாக்கள், ஒன்று உயரம், ஒன்று குட்டை. அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. இரண்டாவதில் அவள் பையை வைப்பாள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. தொலைபேசியில் அவள் பெயர் 'தெற்கு'. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இதே போன்ற அறையில் இருப்பவரின் பெயர் 'வடக்கு'. வேலையில் சேர்ந்த முதல் வாரம் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர்கள், அப்படியே ஒட்டிக்கொண்டன.

செயற்கைக்கோள் ஒரு ஷூ பெட்டி அளவு, நான்கு கிலோ எடை. பகலில் ஒருமுறை அவள் தலைக்கு மேல் ஏறி வரும், சில நிமிடங்களில் வடக்கின் தலைக்கு மேல் போய் இறங்கும். அது இறங்கியதும் தொலைபேசி அடிக்கும்.

"தெற்கா?"

"தெற்குதான்."

"எப்படி?"

"சுத்தமா கெடச்சுது. உங்களுக்கு?"

"இங்க மழை. ஆனா கெடச்சுது."

"சரி, வைக்கறேன்."

பதினோரு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி இதுதான். வீட்டுக்கு வந்த பிறகு அவளோடு பேச யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கூப்பிடுவார். மற்ற ஆறு நாளும் அவள் குரலைக் கேட்ட ஒரே மனிதர் வடக்குதான், அதுவும் இரண்டு நிமிடம்.

4

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான் கதை எழுதுவதே இப்படி ஒன்றை விளக்கச் சாக்குக் கிடைக்கும் என்றுதான்.]

நமக்கு மேலே, மேகத்தையும் விமானத்தையும் தாண்டி வெகு உயரத்தில், காற்று மிக மெலிந்த இடத்தில், வெயில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்து எறிகிறது. அந்த உதிரி எலெக்ட்ரான்கள் நிறைந்த அடுக்குத்தான் அயனி மண்டலம். பகலில் கூட்டம் அதிகம். பொழுது சாய்ந்தால் மெல்லக் குறையும். சூரியன் சீறினால் அமளிதுமளிப்படும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் நம் போன் வழி காட்டுவதும், கப்பல் கரை சேருவதும் அதன் வழியாக வரும் சமிக்ஞையால்தான்.

கூட்டத்தில் எத்தனை பேர் என்று எப்படி எண்ணுவது?

ஓர் அண்ணன், ஒரு தம்பி. இருவரும் ஒரே நொடியில் ஒரு கூட்டத்துக்குள் நுழைகிறார்கள். அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடப்பவர். தம்பி வழியில் ஒவ்வொருவரையும் நிறுத்தி நலம் விசாரிப்பவன். மறுபக்கம் அண்ணன் முதலில் வருவார், தம்பி பின்னால் வருவான். இருவருக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்தால், உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

செயற்கைக்கோள் அதைத்தான் செய்கிறது. உயர்ந்த அதிர்வெண்ணில் ஒன்று, தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒன்று என இரண்டு அலைகளை ஒரே நேரத்தில் அனுப்புகிறது. உயர்ந்தது அண்ணன், தாழ்ந்தது தம்பி. இரண்டையும் தரையில் இரண்டு ஆன்டெனாக்கள் பிடிக்கின்றன. இரண்டு கேபிள்கள் பெட்டிக்குக் கொண்டு வருகின்றன. பெட்டி அந்த இடைவெளியை நானோநொடியில் சொல்கிறது. ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு நானோநொடி.

இப்போது கதைக்கு வேண்டிய ஒரே ஒரு கணக்கு: கேபிளுக்குள் அலை ஒரு மீட்டர் போக ஐந்து நானோநொடி ஆகும்.

ஆணியில் தொங்கும் சுருள் மூன்று மீட்டர்.

5

நான்கு வருடம் முன்பு ஒரு பகல். செயற்கைக்கோள் வர இருபது நிமிடம் இருக்கும்போது, தம்பியின் கேபிளை எலி கடித்திருப்பதைப் பார்த்தாள். ஸ்டோரில் இருந்த ஒரே புதுக் கேபிள் பழையதைவிட மூன்று மீட்டர் நீளம். வெட்டி முனை பொருத்த நேரமில்லை. அப்படியே மாட்டினாள். மிச்சத்தைச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டாள். நாற்காலியில் வந்து உட்காரும்போது செயற்கைக்கோள் அடிவானத்தில் ஏறியது. ஒரு நொடிகூட வீணாகவில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் 'கோளாறு' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று வரை தொடர்ந்து எழுநூறு நாளாக அந்தக் கட்டத்தில் அவள் 'இல்லை' என்றே எழுதிவந்தாள். அன்றும் 'இல்லை' என்று எழுதினாள்.

இது பொய்யா? நான் அவளுக்காக வாதாடிப் பார்த்தேன். அவள் கணக்கில், செயற்கைக்கோளைத் தவறவிட்டால்தான் கோளாறு. தவறவிடவில்லையே. தரை நிலையத்தில் வேலை செய்பவர்கள் கடிகாரத்துக்குப் பயப்படுவார்கள், கேபிளுக்குப் பயப்படமாட்டார்கள். அதோடு அந்த எழுநூறு 'இல்லை'களின் அழகும் இருந்தது. வரிசையாக ஒன்றன் கீழ் ஒன்று.

[இந்த வாதத்தில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. விட்டுவைக்கிறேன்.]

அன்றிலிருந்து, கூட்டத்தைத் தாண்டி வெளியே வந்த தம்பி இன்னும் மூன்று மீட்டர் நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினைந்து நானோநொடிக்கும் பெட்டி வானத்தின் மேல் பழி போட்டது. வானத்தில் எலெக்ட்ரான்கள் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டன. உண்மையில் கூடியது ஓர் அறையின் சுவரில்.

6

வடக்கைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

முதல் வரைவில் அவருக்கு நல்ல குரல் கொடுத்தேன். மனைவியை இழந்தவர் என்று எழுதினேன். ஒரு பூனைகூட வைத்தேன். படித்துப் பார்த்தால் அவர் ஆளே இல்லை; தெற்கின் தனிமைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. குரலைப் பிடுங்கினேன், மனைவியைத் திருப்பிக் கொடுத்தேன், பூனையை விரட்டினேன். இப்போது அவர் ஐம்பத்தைந்து வயதில், காது கொஞ்சம் மந்தமாகி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கிறவர். மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறார். இவ்வளவுதான். பூனைக்காக வருந்துகிறேன்.

7

செயற்கைக்கோள்கள் என்றென்றைக்கும் மேலேயே இருப்பதில்லை. மெலிந்த காற்றாக இருந்தாலும் உரசும். வருடத்துக்குக் கொஞ்சமாக இறங்கும், கடைசியில் மளமளவென்று. இவர்களுடையது இப்போது அயனி மண்டலத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இவ்வளவு நாள் மேலிருந்து எண்ணிய கூட்டத்தின் நடுவிலேயே புகுந்துவிட்டது. இன்னும் ஒன்பது நாளில் எரிந்துபோகும். அதற்குப் பதிலாக வேறொன்று அனுப்பப்போவதில்லை. இரண்டு நிலையங்களையும் மூடுகிறார்கள்.

இறுதி அறிக்கைக்காக வடக்கின் பதிவேடுகள் அவளிடம் வந்தன. பதினோரு குறிப்பேடுகள். அவள் அவசரப்படவில்லை. அந்தக் கையெழுத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை; இடப்பக்கம் சாய்ந்த, அழுத்தமான எழுத்து. "மழை. தெற்கில் வெயிலாம்." "தெற்குக்கு ஜலதோஷம்." "இன்று தெற்கு லேட். பயந்துவிட்டேன்." தனக்கு ஜலதோஷம் பிடித்தது எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

பிறகு நான்கு வருடம் முந்தைய குறிப்பேட்டில் இந்த வரிகள் வந்தன:

"அலுவலகம் இருவர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனுப்ப ஆரம்பித்திருக்கிறது. நடுவானத்தில் ஒரே இடத்தை நாங்கள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். எண் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையது 23 குறைவு. தெற்கு சரியாகத்தான் இருக்கும். என்னுடையதில் 23 கூட்டிவிட்டேன்."

தேதியைப் பார்த்தாள். தன் பதிவேட்டை எடுத்தாள். எலி கடித்த நாளுக்கு ஒரு மாதம் கழித்து. தலையைத் திருப்பி ஆணியைப் பார்த்தாள்.

அவளுடைய தப்பு அவளோடு நிற்கவில்லை. அவர் தன்னுடைய சரியான எண்ணை அவளுடைய தப்புக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார். நான்கு வருடம், இரண்டு நிலையம், வாழ்நாளில் அவள் செய்த ஒரே உருப்படியான வேலை. அதைச் சொல்ல வேண்டிய ஆளோ, இந்த உலகத்தில் அவளோடு தினமும் பேசும் ஒரே ஆள்.

சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஒன்பது நாளில் எல்லாம் சாம்பல்.

தொலைபேசி அடித்தது.

"தெற்கா?"

"தெற்குதான். நான் ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"ஒண்ணு சொல்லணும்ங்க. நாலு வருஷம் முன்னாடி தாழ்ந்த அதிர்வெண் கேபிளை மாத்தினேன். எழுதல."

"எழுதலையா?"

"எழுதல."

"எவ்ளோ ஜாஸ்தி?"

"மூணு மீட்டர்."

"பதினஞ்சு."

"ம். நீங்க இருபத்துமூணு ஏத்தியிருக்கீங்க."

"ஏத்தினேன்."

"ஏங்க ஒரு வார்த்தை கேக்கல? கேட்டிருந்தா நான் திரும்பி ஆணியப் பாத்திருப்பேனே."

"நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு தோணவே இல்ல."

"அப்படி நெனச்சது எனக்கு உதவியா இல்லைங்க."

"புரியுது. எனக்கும் இல்ல. நாலு வருஷமா தெனமும் கேக்கறோம், எப்படி எப்படின்னு. கேக்க வேண்டியதக் கேக்கல."

அவள் அழுதாள் என்று எழுதி, அழித்துவிட்டேன். அவள் பென்சிலை எடுத்து 23 என்று எழுதி, அதன் கீழே 15 என்று எழுதி, கோடு போட்டாள்.

"மிச்சம் எட்டு இருக்கே," என்றாள். "அது யாருது?"

8

அது யாருடையது என்று தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இதுதான் இந்த வேலையின் மர்மம். இதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளுக்குள் அதற்கே உரிய தாமதம் ஒன்று உண்டு. பெட்டி காட்டும் எண்ணில் வானம் எவ்வளவு, தான் எவ்வளவு என்று அந்தப் பெட்டிக்கே தெரியாது. ஒரே வழி, இன்னொரு பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரே ஜோடி ஆன்டெனாவிலிருந்து இரண்டுக்கும் ஒரே அலையைக் கொடுப்பது. வானம் இருவருக்கும் ஒன்றே. அப்போதும் வித்தியாசம் வந்தால் அது வானத்துடையது அல்ல.

மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்டாள்.

"எதுக்கு மேடம்? விழப்போற சாட்டிலைட்டு. யாரு பாக்கப் போறா இத?"

"விழறது சாட்டிலைட்டுதான் சார். எண்ணு அப்படியே இருக்குமே."

"நீங்க சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது."

"அதான் சார் பிரச்சனை."

அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"ஏண்டி, ஆளப் பாக்கப் போறியா, பொட்டியக் காட்டப் போறியா?"

"பொட்டியத்தாங்க்கா."

"நல்லதா ரெண்டு துணி எடுத்து வெச்சியா?"

"பையில எடமில்லக்கா. கேபிள் இருக்கு."

"எல்லாரும் பொட்டி நெறய துணி கொண்டு போவாங்க. நீ பை நெறய கம்பி கொண்டு போ. போ, நல்லா இரு."

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே வைக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டாள். எதிரில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டார். "ஒரு சந்தேகம்," என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

[இந்தப் பதில் என்னுடையது. நிஜத்தில் அவள் 'ரேடியோ' என்று சொல்லியிருப்பாள். அதுதான் நல்ல பதில். ஆனால் எனக்கு இதை விட மனமில்லை.]

9

வடக்கின் அறை அவள் அறையைப் போலவே இருந்தது. அதே மேசை, அதே பதிவேடு. அங்கேயும் இரண்டாவது நாற்காலியில் ஒரு பை. அவர் அதை எடுத்துக் கீழே வைத்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தொலைபேசியில் இந்நேரம் 'சரி, வைக்கறேன்' வந்திருக்கும்.

"டீ?"

"குடிச்சுட்டேன்."

"என்னது?"

"குடிச்சுட்டேன்ங்க."

"நான் உங்கள உயரமா நெனச்சிருந்தேன்," என்றார்.

"நானும் உங்களத்தான் அப்படி நெனச்சேன்," என்றாள்.

அவரே அவள் கேபிளை வாங்கி மாட்டினார். மூன்று மீட்டர் சுருளைத் தொங்கவிட இடம் தேடினார். சுவரில் ஆணி இல்லை. கடைசியில் தன் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் தன் எண்ணில் கூட்டியிருந்த 23-ஐ எடுத்துவிட்டார். அவள் எதையும் எடுக்கவில்லை. இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வானத்தின் கீழே. செயற்கைக்கோள் வர நான்கு நிமிடம். வந்தால் நான்கு நிமிடம் இருக்கும். நாளைக்கு வருமா என்று தெரியாது.

10

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு முடிவு இருக்கிறது.

இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் 15 என்றால், கேபிள் மட்டும்தான் குற்றவாளி. அப்படியானால் மிச்சம் எட்டு வானத்துடையது. கூட்டம் நாம் நினைத்தது போல் சமமாகப் பரவி நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. தெற்கிலிருந்து பார்த்தால் ஓர் எண், வடக்கிலிருந்து பார்த்தால் வேறோர் எண், இரண்டும் சரி. ஒருவருக்கொருவர் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, நான்கு வருடம் கையில் இருந்த ஓர் உண்மையை இருவரும் அழித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வித்தியாசம் 23 என்றால், எட்டு அந்த அறையில் இருக்கிறது. அவள் பெட்டியிலோ, அவர் பெட்டியிலோ. எதில் என்று சொல்ல மூன்றாவது பெட்டி வேண்டும். அது இல்லை. எட்டு நானோநொடியில் ஒளி இரண்டரை மீட்டர் போகும். அந்த அறையில் இரண்டு நாற்காலிக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

முதலாவதை எழுதினேன், சந்தோஷமாக இருந்தது, நம்பமுடியவில்லை. இரண்டாவதை எழுதினேன், நம்பமுடிந்தது, என் மேசைக்கு எதிரில் ஆள் இல்லாத நாற்காலியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதில் அந்தப் பெண் எவ்வளவு, நான் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தனியாக எழுதுகிறவனுக்கு உள்ள கோளாறு இது.

சரி, மறைத்துவைத்ததைச் சொல்லிவிடுகிறேன். என் டோக்கனைக் கூப்பிட்டபோது அந்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னது இது:

"அங்கேருந்து போன் பண்ணா. எண்ணு வந்துச்சாடின்னு கேட்டேன். சிரிச்சா. அவ சிரிச்சுக் கேட்டு எத்தன வருஷமாச்சு! எதுக்குடி சிரிக்கறன்னா சொல்லமாட்டேங்கறா."

இவ்வளவு நேரம் இதைச் சொல்லாததற்குக் காரணம், இது எந்த முடிவுக்கும் பொருந்துகிறது. பதினைந்துக்கும் சிரிக்கலாம். இருபத்துமூன்றுக்கும் சிரிக்கலாம். எண்ணுக்காகவே இல்லாமல், கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவரைப் பார்த்தும் சிரித்திருக்கலாம். நான் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறீர்கள்.

11

அடிவானத்தில் ஏறியது. இரண்டு பெட்டிகளிலும் ஒரே சமயத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"தெற்கா?" என்றார் அவர், பழக்கத்தில்.

"தெற்குதான்," என்றாள் பக்கத்திலிருந்து.

நான்கு நிமிடம் இருவரும் விளக்குகளையே பார்த்தார்கள். பிறகு இரண்டு எண்களும் திரையில் நின்றன. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒருமுறை பார்த்தார். அவளைப் பார்த்தார். பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தேதி எழுதினாள், நேரம் எழுதினாள், இரண்டு எண்களையும் எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்து, பேனாவைத் தாளில் வைத்து,

கோளாறு: